தூசு 18 கெல்வின் என்று வைத்தால் ஹைட்ரஜன் மூலக்கூறே உருவாகவில்லை: நிரல் தப்பா, இயற்பியல் தப்பா?

செல்லூர் தறி

எல்லாருக்கும் வணக்கம். விண்மீனிடை மேகத்துல ஹைட்ரஜன் மூலக்கூறு எவ்வளவு வேகமா உருவாகுதுன்னு கணக்குப் போடுற ஒரு சின்ன பைத்தான் நிரல். எம்.எஸ்சி. புராஜெக்ட்.

உள்ளீடு இவ்வளவுதான்: கன செ.மீ.க்கு 100 ஹைட்ரஜன் அணு, வாயு வெப்பநிலை 100 கெல்வின், தூசுத் துகளின் ஆரம் 0.1 மைக்ரான், தூசு வெப்பநிலை 18 கெல்வின். துகள் ஆலிவின், அதாவது சிலிக்கேட். அணு துகளை விட்டுக் கிளம்பத் தேவையான ஆற்றல் 372 கெல்வின், பக்கத்து இடத்துக்குத் தாவ 287 கெல்வின் (ஆற்றலையும் கெல்வின் அலகுலயே எழுதியிருக்கேன்). பரப்புல 10 லட்சம் இடம்.

விடை பூஜ்யம்னே சொல்லலாம். தூசை 8 கெல்வினுக்கு இறக்கினா வர்ற அணு கிட்டத்தட்ட எல்லாமே ஜோடி சேருது. ஆனா பரவல் மேகங்கள்ல (அடர்த்தி குறைஞ்சு பரவிக் கிடக்குற மேகங்கள்) தூசு 15லிருந்து 20 கெல்வின்னுதானே எல்லா இடத்துலயும் போட்டிருக்கு? எங்க உதைக்குது?

இன்னொண்ணு. தூசு எதுக்கு, ரெண்டு அணு நேரா மோதி ஒட்டிக்கக் கூடாதான்னு வைவாவுல கண்டிப்பாக் கேப்பாங்க. அதுக்கும் எண் கணக்கோட பதில் வேணும்.

தூசுமண்டலம்

தம்பி, நிரலில் பிழை இல்லை. அந்த உள்ளீட்டுக்கு அதுதான் சரியான விடை. கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

100 கெல்வினில் ஹைட்ரஜன் அணுவின் சராசரி வேகம் வினாடிக்கு 1.45 கி.மீ. 0.1 மைக்ரான் துகளின் குறுக்குப் பரப்பு 3.14 × 10⁻¹⁰ சதுர செ.மீ. இவற்றோடு அடர்த்தி 100ஐப் பெருக்கினால் வினாடிக்கு 0.0045 அணு. அதாவது ஒரு துகள்மேல் 220 வினாடிக்கு ஒரு அணு வந்து விழுகிறது.

இனி, விழுந்த அணு எவ்வளவு நேரம் தங்கும்? பரப்பில் பலவீனமாக ஒட்டிய அணு வினாடிக்கு 10¹² தடவை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்விலும் தப்பிக்க ஒரு சின்ன வாய்ப்பு. தங்கும் நேரம் = 10⁻¹² வினாடி × எக்ஸ்பொனென்ஷியல்(372 ÷ தூசு வெப்பநிலை). 10 கெல்வினில் இது 14,000 வினாடி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம். 18 கெல்வினில் ஒரு மில்லிவினாடி. 20 கெல்வினில் அதிலும் எட்டில் ஒரு பங்கு.

220 வினாடிக்கு ஒருத்தர் மாட்டுத்தாவணிக்கு வந்து, ஒரு மில்லிவினாடியில் பஸ் ஏறிவிட்டால் யார் யாரைச் சந்திப்பது? உன் பூஜ்யம் அங்கிருந்து வருகிறது.

1960களில் கூல்டு, சால்பீட்டர் எழுதியதிலிருந்தே இந்தத் தலைவலி இருக்கிறது. தூசுதான் வினையூக்கி என்று ஒரே வரியில் முடித்துவிடும் பாடநூல்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

யானைமலை

அண்ணே, பஸ் ஸ்டாண்டு உவமை பாதி தூரம்தான் போகும். ஒரே நேரத்தில் ரெண்டு அணு துகள்மேல் இருந்தால் மட்டும் போதாது. ஒன்றை ஒன்று தேடிப் போய்ச் சேரணும்.

ஆலிவினில் 10 கெல்வினில் ஒரு தாவலுக்கு 2.9 வினாடி. கிளம்புவதற்குள் எத்தனை தாவல் என்றால், எக்ஸ்பொனென்ஷியல்((372 − 287) ÷ 10), ஏறத்தாழ 4,900. இடங்களோ 10 லட்சம். ஆகவே 14,000 வினாடியில் 60 அணு வந்து விழுந்தாலும் எல்லாம் ஜோடி சேராது. வீத சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தால், 10 கெல்வினிலேயே வந்த அணுக்களில் சுமார் 31 சதவீதம்தான் மூலக்கூறாகிறது. மீதி சும்மா வந்து சும்மா போகிறது.

அடுத்த பக்கமும் உண்டு. தூசு ரொம்பக் குளிர்ந்தால் தாவலே நின்றுபோகும், அணு விழுந்த இடத்திலேயே உறையும். ஆக ஆலிவினுக்கு வேலை செய்யும் சாளரம் சுமார் 6லிருந்து 10 கெல்வின். அவ்வளவு குறுகல்.

செல்லூர் தறி

அப்ப சமன்பாடு இதுதானே: மாற்றம் = வரவு − (கிளம்பும் வீதம் × என்) − 2 × (தாவல் வீதம் ÷ இடங்கள்) × என்²? என் என்பது துகள்மேல உள்ள அணுக்களோட எண்ணிக்கை. திறன், அதாவது வந்த அணுக்கள்ல ஜோடி சேர்ற பங்கு = கடைசி உறுப்பு ÷ வரவு. இதைத்தான் போட்டிருக்கேன்.

யானைமலை

அதேதான். 2ஐ மறக்காதே. ஒரு மூலக்கூறுக்கு ரெண்டு அணு செலவு. நிறைய பேர் அங்கேதான் இரட்டிப்பாகவோ பாதியாகவோ விட்டுவிடுகிறார்கள்.

தூசுமண்டலம்

தாவல் எண்ணிக்கையை நான் விட்டுவிட்டதை யானைமலை சரியாகப் பிடித்தார். ஆனால் 18 கெல்வின் ஆலிவினில் தாவல் கணக்குக்குப் போகவே தேவையில்லை, துகள்மேல் ஆளே இல்லை.

தம்பி, இப்போது ஆலிவினை எடுத்துவிட்டு உருவமற்ற கார்பனைப் போடு. கிளம்ப 658 கெல்வின், தாவ 511 கெல்வின். அதே 18 கெல்வினில் தங்கும் நேரம் 7,500 வினாடி, ஒரு தாவலுக்கு 2.1 வினாடி. மில்லிவினாடி எங்கே, ரெண்டு மணி நேரம் எங்கே! 10 லட்சம் இடங்கள் என்று வைத்தால் திறன் 17 சதவீதம் வரும்.

அடுத்து இடங்களின் எண்ணிக்கையை மாற்றிப் பார். 10 லட்சம் என்பது சதுர செ.மீ.க்கு சுமார் 10¹⁵ இடம் என்ற பொதுவான ஊகம். கார்பன் மாதிரியின் சோதனையிலிருந்து எடுத்த அடர்த்தி 5 × 10¹³. அதைப் போட்டால் உன் துகளில் 63,000 இடம்தான், திறன் 60 சதவீதத்துக்கு ஏறும். தேட வேண்டிய பரப்பு சுருங்கியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம். இந்த ஒரு எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் மீதிக் கணக்குக்கு மதிப்பே இல்லை.

வெற்றிடக்குழாய்

372, 287, 658, 511. இந்த நாலு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது. 1990களின் கடைசியில் பிரோனெல்லோ, விதாலி குழுவினர் சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள். 1999இல் காட்ஸ், பிஹாம் முதலானோர் அந்தத் தரவுக்குப் பொருத்திப் பார்த்து எடுத்த மதிப்புகள்.

சோதனை முறை சுருக்கமாக. மீவெற்றிட அறை, அழுத்தம் 10⁻¹⁰ டார் அளவில். மாதிரியைத் திரவ ஹீலியத்தால் பத்து கெல்வினுக்குக் கீழே குளிர்விப்பார்கள். ரெண்டு தனித்தனி அணுக்கற்றை: ஒன்றில் ஹைட்ரஜன், இன்னொன்றில் டியூட்டீரியம் (நிறை 2 உள்ள கன ஹைட்ரஜன்). சில நிமிடம் கற்றையை மாதிரிமேல் விட்டு, பிறகு நிறுத்திவிட்டு, மாதிரியை மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே நான்முனை நிறைமாலைமானியில் நிறை 3ஐ எண்ணுவார்கள். எந்த வெப்பநிலையில் எச்டி மூலக்கூறு (ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் சேர்ந்தது) கொப்பளித்து வெளியே வருகிறது என்பதுதான் தரவு.

ஏன் டியூட்டீரியம்? எஃகு அறைக்குள் எவ்வளவு இறைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது ஹைட்ரஜன் மூலக்கூறுதான், சுவரிலிருந்தே கசிந்துகொண்டிருக்கும். நிறை 2இல் பார்த்தால் மாதிரியில் உருவானது எது, சுவரிலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது. நிறை 3இல் பின்னணி மிகக் குறைவு.

என்னென்ன கெடும்? கற்றையில் உடையாத மூலக்கூறுகளும் சேர்ந்து வரும். அவை மாதிரிமேல் படிந்து அணுக்களின் இடத்தைப் பிடிக்கும். எச்டி மாதிரியில் உருவாகாமல் கற்றைக்குழாயிலேயே உருவாகி வந்துவிடலாம்; அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கற்றையின் செறிவு. ஆய்வகத்தில் சதுர செ.மீ.க்கு வினாடிக்கு 10¹² அளவில் அணு விழுகிறது. தம்பியின் மேகத்தில் அது 36 லட்சம். ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்கு இடைவெளி. அங்கே சில நிமிடத்தில் அளந்ததை இங்கே ஆண்டுக்கணக்குக்கு நீட்டுகிறோம். நடுவில் பாலமாக நிற்பது அந்த வீத சமன்பாடு மட்டுமே.

மாதிரியே ஒரு பிரச்சினை. மினுக்கிய பரப்பு கொடுக்கும் ஒற்றை ஆற்றலை, கோடிக்கணக்கான ஆண்டு கதிர்வீச்சில் அடிபட்டுச் சிதைந்த துகளுக்கும் பொருத்துகிறோம். கரடுமுரடான பரப்பில் குழிகள் இருக்கும். குழிக்குள் விழுந்த அணுவை நாலு பக்கமும் பிடித்திழுக்கும். ஒற்றை எண்ணுக்குப் பதில் ஆற்றல்களின் பரவலைப் போட்டால் சாளரம் அகலமாகிறது. நிரலில் இதைச் சேர்ப்பது சுலபம்: 372ஐ மையமாக வைத்து, இடங்களில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் 600 போட்டுப் பார். ஆழமான இடத்தில் ஒரு அணு காத்திருக்கும், தாவிவரும் அணு அதனிடம் வந்து சேரும். 18 கெல்வினிலும் ஆலிவின் உயிர் பெறும்.

செல்லூர் தறி

நன்றிண்ணே. 600 போட்டுப் பாத்தேன், பூஜ்யம் போயிருச்சு. நேர் மோதல் கேள்விக்கு யாராவது?

தூசுமண்டலம்

அதற்கு வருகிறேன்.

ரெண்டு ஹைட்ரஜன் அணு பிணைந்தால் 4.48 எலக்ட்ரான் வோல்ட் வெளியேற வேண்டும். மோதும் நேரத்தில் ரெண்டும் அருகருகே இருப்பது சுமார் 10⁻¹³ வினாடி. அந்த இடைவெளிக்குள் ஒரு ஒளியனை உமிழ்ந்தால்தான் பிணைப்பு நிலைக்கும். ஆனால் ரெண்டும் ஒரே அணு என்பதால் மூலக்கூறுக்கு இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது. மிஞ்சுவது நான்முனை உமிழ்வு. அதற்கு ஆகும் காலம் 10 லட்சம் வினாடி அளவில். 10⁻¹³ஐ 10⁶ஆல் வகுத்துக்கொள். 10¹⁹ மோதலில் ஒன்று. மற்றதெல்லாம் மோதின வேகத்திலேயே பிரிந்துவிடும்.

மூன்றாவது அணு ஒன்று வந்து ஆற்றலை வாங்கிக்கொண்டால்? நடக்கும், ஆனால் கன செ.மீ.க்கு 10 கோடி அணுவாவது இருந்தால்தான் அது பொருட்படுத்தும் அளவுக்கு வரும். முதல் விண்மீன்கள் உருவான மேகங்களின் நடுவே அப்படி நடந்தது. உன் 100இல் நடக்காது.

எலக்ட்ரான் வழி ஒன்று உண்டு. அணு ஒரு எலக்ட்ரானைப் பிடித்து எதிரயனியாகிறது, அது இன்னொரு அணுவோடு சேர்ந்து மூலக்கூறாகி எலக்ட்ரானைத் துப்புகிறது. 100 கெல்வினில் முதல் படியின் வீதம் 10⁻¹⁶ கன செ.மீ./வினாடி. பரவல் மேகத்தில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் அயனியான கார்பனிலிருந்து வருகின்றன, ஹைட்ரஜனுக்கு 1.5 × 10⁻⁴ என்ற விகிதம். பெருக்கினால் 1.5 × 10⁻²⁰. தூசு வழியின் வீதம் 3 × 10⁻¹⁷. ரெண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் அதிகபட்சம்தான், எதிரயனியின் எலக்ட்ரானைக் கழற்ற 0.75 எலக்ட்ரான் வோல்ட் போதும், சாதாரண விண்மீன் ஒளியே அதை உடைத்துவிடும். தூசே இல்லாத ஆதிப் பிரபஞ்சத்தில் இந்த வழிதான் சோறு போட்டது. இங்கே இல்லை.

நாகமலை நிறமாலை

எல்லாரும் உருவாவதையே பேசுறீங்க. மூலக்கூறு எவ்வளவு மிஞ்சும் என்பதை அழிவும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. தம்பி நிரலில் அழிவு உறுப்பு இருக்கா?

செல்லூர் தறி

இல்லக்கா. உருவாக்கம் மட்டும்தான்.

நாகமலை நிறமாலை

அப்ப இதையும் சேர்த்துக்கோ.

91.2 நானோமீட்டரிலிருந்து 111 நானோமீட்டர் வரை உள்ள புற ஊதாக் கதிர்தான் எதிரி. அதைவிடக் குறைந்த அலைநீளத்தை அணு ஹைட்ரஜனே விழுங்கிடும். மூலக்கூறு ஒளியனை உறிஞ்சி எலக்ட்ரான் கிளர்வு நிலைக்குப் போகும், பிறகு கீழே இறங்கும். இறங்குறதில் 10லிருந்து 15 சதவீதம் பிணைப்பில்லாத நிலையில் போய் விழுது, மூலக்கூறு ரெண்டாகுது. மீதி எல்லாம் அதிர்வு நிலைகளில் நிக்கும். மறைப்பே இல்லாத இடத்தில் அழிவு வீதம் வினாடிக்கு சுமார் 5 × 10⁻¹¹. அதாவது ஒரு மூலக்கூறின் ஆயுள் அறுநூறு ஆண்டு சொச்சம்.

உருவாக்கம்? ஆண்டில் சொன்னால், 100 கோடியை அடர்த்தியால் வகு. 100 அடர்த்தியில் ஒரு கோடி ஆண்டு. மூலக்கூறு ஒவ்வொன்றும் ரெண்டு அணுவை எடுத்துக்கிறதால் மேகம் மாறுற காலம் அதில் பாதி, 50 லட்சம் ஆண்டு. அறுநூறு ஆண்டில் உடையுறது எங்கே, 50 லட்சம் ஆண்டில் உருவாகுறது எங்கே. சமநிலையில் மூலக்கூறுக்கும் அணுவுக்கும் உள்ள விகிதம் 6 × 10⁻⁵. ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்கலாம்.

ஆனா வானத்தில் மேகங்கள் மேகங்களாகத்தானே ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கு? காரணம் தன்மறைப்பு. உறிஞ்சுறது குறுகிய கோடுகளில் நடக்குது. வெளி அடுக்கிலுள்ள மூலக்கூறுகள் அந்தக் கோடுகளின் ஒளியைத் தின்னுட்டா உள்ளே இருக்கிறவைக்கு ஆபத்து குறையும். பார்வைக் கோட்டில் சதுர செ.மீ.க்கு 10¹⁴ மூலக்கூறு சேர்ந்ததும் இது தொடங்கிடும். டிரெய்ன், பெர்ட்டோல்டி 1996இல் கொடுத்த எளிய வாய்ப்பாடு: மறைப்புக் காரணி = (மூலக்கூறு எண்ணிக்கை ÷ 10¹⁴) அடுக்கு −0.75. 10¹⁸ ஆனா ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். இதோட தூசு மறைப்பு தனி.

அதனால் மாற்றம் படிப்படியா வராது, திடீர்னு வரும். 1972இல் ஏவிய கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் இதை அப்படியே காட்டுச்சு. பார்வைக் கோட்டில் மொத்த ஹைட்ரஜன் சதுர செ.மீ.க்கு 5 × 10²⁰க்குக் கீழே இருந்தா மூலக்கூறின் பங்கு மிகச் சொற்பம். அதைத் தாண்டினதும் சடார்னு சதவீதக் கணக்குக்கு ஏறிடும்.

கண்ணால் பார்க்கணும்னா: சீட்டா ஒபியூக்கி. மதுரையின் அட்சரேகை 9.9 பாகை, அந்த விண்மீன் தெற்கே 10.6 பாகை, ஆக உச்சியில் தெற்குப் பக்கம் 70 பாகை உயரம். ஆனி, ஆடி மாசத்து முன்னிரவு. நகர விளக்கிலும் தெரியுற அளவு பிரகாசம். அந்தக் கோட்டில் மூலக்கூறு 4.5 × 10²⁰, அணு 5.2 × 10²⁰. மொத்த ஹைட்ரஜனில் 63 சதவீதம் மூலக்கூறுக்குள் இருக்கு. நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

யானைமலை

அக்கா, ஒரு சந்தேகம். 3 × 10⁻¹⁷ என்ற வீதமே இந்த அவதானிப்புகளிலிருந்து எடுத்ததுதானே? அதை நிரலில் போட்டு, மறுபடி அவதானிப்போடு ஒத்துப்போகுது என்றால் வட்டமடிப்பதாகாதா?

நாகமலை நிறமாலை

நியாயமான கேள்வி. வானியலாளர் ஜூரா 1975இல் செய்தது மொத்த எண்ணிக்கையை மட்டும் வச்சு இல்லை. மூலக்கூறின் உயர்ந்த சுழற்சி நிலைகளில், 4ஆம், 5ஆம் நிலைகளில், எத்தனை இருக்குன்னு பார்த்தார். குளிர்ந்த வாயுவில் மோதலால் அந்த நிலைகளுக்கு ஏற முடியாது. புற ஊதாக் கதிர் உறிஞ்சி இறங்குற வழியில்தான் அவை நிரம்பும். அதனால் அந்த எண்ணிக்கை அழிவு வீதத்தை நேரா அளந்து கொடுக்குது. சமநிலைன்னு வச்சா அதே உருவாக்க வீதம். உன் தூசுக் கணக்கோ ஆய்வக எண்களிலிருந்து வருது. ரெண்டும் தனித்தனி வழி. ரெண்டும் ஒரே எண்ணில் வந்து நின்னா அதுக்கு அர்த்தம் இருக்கு.

தூசுமண்டலம்

நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். வீதம் = ½ × அணு வேகம் × ஒரு ஹைட்ரஜனுக்கான தூசுப் பரப்பு × ஒட்டும் வாய்ப்பு × திறன். தூசுப் பரப்பு 10⁻²¹ சதுர செ.மீ. ½ × 1.45 × 10⁵ × 10⁻²¹ = 7 × 10⁻¹⁷. அவதானிப்பு 3 × 10⁻¹⁷ கேட்கிறது. ஆகவே ஒட்டும் வாய்ப்பும் திறனும் பெருக்கினால் 0.4 வர வேண்டும். 100 கெல்வின் வாயுவுக்கு ஒட்டும் வாய்ப்பு சுமார் 0.6. அப்படியானால் திறன் 70 சதவீதம். கார்பனில் இடங்களைக் குறைத்து வைத்த கணக்கு 60 கொடுத்தது. மோசமில்லை. ஆனால் தூசில் பாதிக்கு மேல் சிலிக்கேட் என்றால் கணக்கு உதைக்கும். அங்கேதான் வெற்றிடக்குழாய் சொன்ன குழிகள் தேவைப்படுகின்றன.

யானைமலை

வேதிப் பரப்புக் கவர்ச்சியை, அதாவது அணு பரப்போடு வேதிப்பிணைப்பால் ஒட்டுவதை, விட்டுட்டீங்களே. காசோ, டீலன்ஸ் மாதிரி (2002, 2004) அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தூசுமண்டலம்

விடவில்லை, அது வெந்த இடத்து வேலை. கிராஃபைட்மேல் அணு வேதிப்பிணைப்போடு ஒட்டினால் 0.7 எலக்ட்ரான் வோல்ட். நூற்றுக்கணக்கான கெல்வினிலும் அசையாது. ஆனால் உள்ளே நுழைய 0.2 எலக்ட்ரான் வோல்ட் தடை உண்டு. கெல்வினில் 2,300. 100 கெல்வின் வாயுவில் தடையைத் தாண்டும் வாய்ப்பு 10⁻¹⁰. உன் பரவல் மேகத்தில் அந்தக் கதவு மூடியேதான் இருக்கும்.

ஓரியன் பட்டை மாதிரி, இளம் விண்மீன் ஒளியில் வேகும் விளிம்புகளில் வாயு சில நூறு கெல்வின். அங்கே திறக்கும். ஏற்கெனவே ஒரு அணு ஒட்டியிருந்தால் அதன் பக்கத்தில் சில இடங்களில் தடை இல்லாமலே போகிறது என்றும் கிராஃபைட் சோதனைகள் காட்டின. அந்த விளிம்புகளில் அவதானித்த வீதம் வழக்கமான 3 × 10⁻¹⁷ஐவிடச் சில மடங்கு அதிகம். தூசு 50 கெல்வினுக்கு மேல் இருக்கும் இடத்தில் பலவீன ஒட்டுதலை வைத்து அதை விளக்கவே முடியாது.

வெற்றிடக்குழாய்

இன்னொரு பொறி. தம்பி துகள் ஆரத்தை 0.1 மைக்ரானில் நிறுத்தியிருக்கிறார். மேகத்தில் தூசுப் பரப்பின் பெரும்பங்கு சின்னத் துகள்களில். 0.005 மைக்ரான் போட்டுப் பாருங்கள். குறுக்குப் பரப்பு 400 மடங்கு குறையும். 24 மணி நேரத்துக்கு ஒரு அணு. கார்பனில் தங்கும் நேரம் ரெண்டு மணி. துகள்மேல் சராசரி 0.07 அணு.

வீத சமன்பாட்டில் என்² என்று இருக்கிறதே, 0.07இன் வர்க்கத்துக்கு என்ன பொருள்? ஒற்றை அணு தன்னோடு தானே ஜோடி சேர்வதாக நிரல் எண்ணிக்கொள்கிறது. சரியான உறுப்பு என்(என் − 1). பூஜ்யம், ஒன்று, ரெண்டு அணு உள்ள நிலைகளின் நிகழ்தகவுகளைத் தனித்தனியாக எழுதித் தீர்க்க வேண்டும். 18 கெல்வின் கார்பன், 2,500 இடம்: வீத சமன்பாடு 17 சதவீதம் என்கிறது, நிகழ்தகவுச் சமன்பாடு 9 சதவீதம் கொடுக்கிறது. கிட்டத்தட்ட இரட்டிப்பு மிகை. துகள் இன்னும் சிறுத்தால் இன்னும் மோசம். மூன்றாம் நிலைக்கு மேல் போகத் தேவையில்லை, அங்கே நிகழ்தகவு அற்பம்.

சின்னத் துகளுக்கு நிலையான வெப்பநிலையும் கிடையாது. ஒரு புற ஊதா ஒளியன் அடித்தால் சட்டெனச் சூடேறி ஒட்டியிருந்ததையெல்லாம் உதறிவிட்டு மறுபடி குளிரும்.

செல்லூர் தறி

அப்ப 4.48 எலக்ட்ரான் வோல்ட் எங்க போகுது? எல்லாம் துகளுக்கா?

நாகமலை நிறமாலை

மூணு பக்கம் பிரியுது: துகளின் சூடு, மூலக்கூறு வெளியேறுற வேகம், அதிர்வு-சுழற்சிக் கிளர்வு. எந்தப் பக்கம் எவ்வளவுங்கிறது பரப்பைப் பொறுத்தது. துளைகள் நிறைந்த உருவமற்ற பனிமேல் உருவானா மூலக்கூறு துளைக்குள்ளேயே முட்டி மோதிக் குளிர்ந்துதான் வெளியே வருது. மென்மையான பரப்புன்னா கிளர்வோட துள்ளி வரும். ஆர்த்தோ-பாரா விகிதம் (ரெண்டு அணுக்கருவின் தற்சுழற்சியும் ஒரே திசைன்னா ஆர்த்தோ, எதிரெதிர்னா பாரா) பிறக்கும்போது 3க்கு 1ன்னு எடுத்துக்கிறது வழக்கம்.

திருமங்கலம் ரேடியோ

இதையெல்லாம் நம்ம ஊர்ல இருந்து ஏதாவது ஒரு ஆன்டெனா வச்சுப் பிடிக்க முடியுமா?

நாகமலை நிறமாலை

மூலக்கூறைப் பிடிக்க முடியாது. இருமுனை இல்லாததால் ரேடியோ வரியே கிடையாது. அதன் முதல் சுழற்சிக் கோடு 28.2 மைக்ரானில், அதுவும் 510 கெல்வின் உயரத்திலிருந்து வரணும். 10 கெல்வின் மேகத்தில் அது எரியாது. வானியலார் கார்பன் மோனாக்சைடின் 2.6 மி.மீ. வரியை வச்சு மறைமுகமா எண்ணுறாங்க. அதுக்கும் ஓட்டை உண்டு: மேகத்தின் விளிம்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு தன்மறைப்பால் தப்பிச்சிருக்கும், கார்பன் மோனாக்சைடு உடைஞ்சிருக்கும். 2025இல் அறிவிச்ச ஈயோஸ் மேகம் அப்படித்தான். சூரியனிலிருந்து சுமார் 300 ஒளியாண்டு, சூரியனைப்போல 3,400 மடங்கு நிறை, இருந்தும் இத்தனை நாள் தெரியலை. கொரியச் செயற்கைக்கோளின் பழைய புற ஊதாத் தரவில் ஹைட்ரஜன் மூலக்கூறின் ஒளிர்வை நேராப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க.

அணு ஹைட்ரஜன்னா உங்களால் முடியும். 1420.4 மெகாஹெர்ட்ஸ்.

திருமங்கலம் ரேடியோ

அது தெரிஞ்ச வேலைதான். அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகையில 75 செ.மீ. வாய் வச்ச கொம்பு, உள்ளே 5.3 செ.மீ. செப்புக் கம்பி (கால் அலைநீளம்), அதை ஒட்டியே வடிகட்டியோட குறைஇரைச்சல் பெருக்கி, பிறகு யூஎஸ்பி ரேடியோ. வடிகட்டியைப் பெருக்கிக்கு அப்புறம் வைக்காதீங்க. ஊருக்குள்ள செல்போன் கோபுரம் பெருக்கியை முதல்லயே திணறடிச்சுரும். 1 கி.மீ./வினாடிக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. ஆனா கற்றை அகலம் 20 பாகை கிட்ட வரும், ஒரு மேகத்தைத் தனியாப் பிரிக்கிறது நடக்காது.

யானைமலை

மேகமலைப் பக்கம் போய் ஆடி அமாவாசைக்கு அண்ணாந்தாலே போதும். பால்வழி நடுவே கருப்பாகக் கிழிந்த மாதிரி தெரிவதெல்லாம் மூலக்கூறு மேகம்தான்.

தம்பிக்கு ஒரு சோதனைக் கணக்கு. நடுமேகத்தில் விண்மீன் ஒளி எட்டாது, காஸ்மிக் கதிர் மட்டும்தான் மூலக்கூறை உடைக்கும். வீதம் வினாடிக்கு 10⁻¹⁷ சொச்சம். உருவாக்கத்தோடு சமன் செய்து பார். அணு ஹைட்ரஜன் கன செ.மீ.க்கு ஒன்று என்ற அளவில் நிற்கும், மேகத்தின் அடர்த்தி ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் அதே ஒன்று. அடர்த்தி ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகிறது. உன் நிரல் அப்படிக் காட்டவில்லை என்றால் அழிவு உறுப்பில் கோளாறு.

செல்லூர் தறி

அழிவு உறுப்பு சேத்தாச்சு, மறைப்புக் காரணியும். இப்ப நிரல் ரொம்ப மெதுவா ஓடுது. தாவல் 2 வினாடி, மேகம் 50 லட்சம் வருஷம். காலப்படி சின்னதாப் போட்டா நாள் முழுக்க ஓடும், பெருசாப் போட்டா எதிர்ம எண்ணிக்கை வருது.

வெற்றிடக்குழாய்

ரெண்டையும் ஒரே ஓட்டத்தில் வைக்காதே. துகள்மேல் நடப்பது சில மணி நேரத்தில் சமநிலைக்கு வந்துவிடும். அதை இருபடிச் சமன்பாடாகத் தீர்த்துத் திறனை மட்டும் எடு. தூசு வெப்பநிலை, துகள் ஆரம், அணு அடர்த்தி மூன்றுக்கும் ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள். மேகத்தின் ஓட்டத்தில் அட்டவணையிலிருந்து இடைச்செருகு. சைபை (SciPy) தொகுப்பில் தீர்வி முறையை பிடிஎஃப் (BDF) என்று மாற்று, முன்னிருப்பாக வரும் ரங்கே-குட்டா இதற்குத் திணறும்.

தூசுமண்டலம்

அட்டவணையில் தூசு வெப்பநிலைப் படி அரை கெல்வினுக்கு மேல் போகாதே. ஆலிவினில் 10லிருந்து 12க்குள் திறன் பாதாளத்துக்கு விழுகிறது, 2 கெல்வின் படி வைத்தால் அந்தச் சரிவையே தவறவிடுவாய். இடைச்செருகும்போது திறனின் மடக்கையை எடு, நேர் மதிப்பை எடுக்காதே.